விழாமல் நிற்க ஒரு சீனப் பாடம்

மதுரையில் நரம்பு மருத்துவரைப் பார்த்துவிட்டு வெளியே வரும் பார்க்கின்சன் நோயாளியிடம் பெரும்பாலும் இரண்டு சமாச்சாரங்கள் இருக்கும். சட்டைப்பையில் மாத்திரைச் சீட்டு. காதில், 'தினமும் கொஞ்சம் நடங்க' என்ற அறிவுரை. மாத்திரையை மகனோ மருமகளோ வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். நடக்க வேண்டியது அவர்தான். நடக்கவும் செய்கிறார். விடியற்காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிவரும் கூட்டத்திலோ, ரேஸ்கோர்ஸ் மைதானத்தின் ஓரத்திலோ ஒரு கையை மட்டும் வீசி, மறு கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன எட்டாக வைத்துப் போகிறவர் யாரையாவது கவனித்திருப்பீர்கள்.

நடப்பது நல்லதுதான். ஆனால் தெப்பக்குளத்தின் நீண்ட கரையில் நேராக நடக்கும்போது அவர் விழுவது குறைவு. வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைத் திறந்து சட்டென்று உடம்பைத் திருப்பும்போது விழுகிறார். நாற்காலியை விட்டு எழும்போது விழுகிறார். அலமாரியின் மேல்தட்டில் இருப்பதை எட்டி எடுக்கப் போய், பின்னாலிருந்து பேரன் கூப்பிட்டதும் திரும்பப் போய் விழுகிறார். காலை நடை இவற்றில் எதையும் பழக்கித் தருவதில்லை. நடப்பது ஒரு திறன் என்றால், விழாமல் நிற்பது இன்னொரு திறன். அந்த இரண்டாவது திறனையும் பாடம்போலச் சொல்லிக்கொடுக்க முடியும் என்று உலகத்துக்கு எடுத்துக்காட்டியது, சீனாவில் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பழக்கத்தில் இருக்கும் தாய் சி என்ற உடற்பயிற்சிக் கலை.

கோயில் நகரத்துக்காரர்களுக்கு இந்தச் சிக்கலை விளக்க நவக்கிரக சன்னதி ஒன்றே போதும். குறுகலான இடம். முன்னும் பின்னும் ஆள். வெறுங்காலுக்குக் கீழே மேடு பள்ளமான கல்தரை. நான்கு மூலையிலும் திரும்ப வேண்டும், அதுவும் ஒன்பது சுற்று. நோயாளிகளின் கால் திடீரென நகர மறுப்பதை மருத்துவர்கள் 'உறைதல்' என்கிறார்கள். அதைத் தூண்டுபவை எவை என்று கேட்டால் அவர்கள் சொல்வது: குறுகலான வழி, வாசற்படி, திரும்புதல், கூட்டம், அவசரம். சனிக்கிழமை காலையில் நவக்கிரகம் சுற்றும்போது இந்த ஐந்தும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. 'காலைப் பசை போட்டுத் தரையில் ஒட்டிவிட்டது மாதிரி இருக்கு' என்பது உலகெங்கும் இந்த நோயாளிகள் சொல்லும் வார்த்தை. பின்னால் நிற்பவருக்கு அது தெரியாது. 'நகருங்க பெரியவரே' என்பார். அந்த அவசரமே காலை இன்னும் இறுக்கிவிடும்.

மாத்திரை எட்டாத இடம்

1817ஆம் ஆண்டு லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றிச் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் அவர் விவரித்தது ஆறே ஆறு பேரை. அவர்களிலும் சிலர் அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்கள் அல்லர். தெருவில் அவர் கண்ணில் பட்டவர்கள். குனிந்த உடல், நடுங்கும் கை, ஓட்டமாக மாறிவிடும் நடை ஆகியவற்றை வெறும் பார்வையிலேயே அவர் பதிவு செய்தார். இருநூறு ஆண்டு கழித்தும் இந்நோயைக் கண்டறிய நரம்பு மருத்துவர்கள் முதலில் நம்புவது, நோயாளி அறைக்குள் நடந்து வரும் விதத்தைத்தான்.

நடுமூளையில் கருநிறமாக ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள செல்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. இந்தச் செல்கள் மெல்ல மெல்ல அழிவதுதான் பார்க்கின்சன். வெளியே கை நடுங்கத் தொடங்குவதற்குள் உள்ளே பெரும்பகுதி போயிருக்கும். நம் ஊரில் அதற்குப் பிறகும் 'நரம்புத் தளர்ச்சி', 'வயசாயிருச்சு' என்று இரண்டு மூன்று வருடம் ஓடிவிடுகிறது. 2019இல் உலகம் முழுவதும் 85 லட்சத்துக்கும் அதிகமானோர் இந்நோயுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அதன் கணக்குப்படி இந்த எண்ணிக்கை 25 ஆண்டுகளில் இரட்டித்திருக்கிறது.

இதற்கான முதன்மை மருந்து லெவோடோபா. இந்திய மருந்துக் கடைகளில் 'சின்டோபா' என்று கேட்டால் கிடைப்பது கார்பிடோபா சேர்ந்த இந்த மருந்துதான். 1967இல் ஜார்ஜ் கோட்சியாஸ் அமெரிக்காவில் அதிக அளவில் வாய்வழியாகக் கொடுத்து வெற்றி கண்ட பிறகே அது நிலைபெற்றது. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1937இல், சென்னைச் சேப்பாக்கத்திலிருந்த பல்கலைக்கழக ஆய்வகத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து இதே பொருளைப் பிரித்தெடுத்து ஆய்விதழில் எழுதியிருந்தார்கள் என்பது தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாத செய்தி. (அதற்காக நாட்டுமருந்துக் கடையில் பூனைக்காலிப் பொடி வாங்கி மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. இரண்டும் ஒரே மருந்து. அளவு கூடினால் உடம்பு தன் போக்கில் நெளியத் தொடங்கிவிடும்.)

லெவோடோபா விறைப்பைத் தளர்த்தும், மந்தத்தைக் குறைக்கும், பலருக்கு நடுக்கத்தையும் அடக்கும். சமநிலைக் குறைபாட்டை மட்டும் அது அந்த அளவுக்குச் சரிசெய்வதில்லை. நோயின் முற்றலை ஐந்து படிகளாகப் பிரிக்கும் 'ஹோன்–யார்' என்ற அளவுகோல் 1967 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அதன் மூன்றாம் படியே சமநிலை தடுமாறுவதுதான். மருத்துவர் பின்னால் நின்று தோளைப் பிடித்துச் சட்டென்று இழுத்துப் பார்ப்பார். ஒன்றிரண்டு எட்டில் தானாக நின்றுவிட்டால் பரவாயில்லை. தடுமாறிச் சாய்ந்தால் மூன்றாம் படி. மாத்திரை எவ்வளவு ஏறினாலும் இந்தத் தடுமாற்றம் எதிர்பார்த்தபடி குறையாததைக் கண்ட பிறகுதான் ஆய்வாளர்கள் உடற்பயிற்சிப் பக்கம் திரும்பினார்கள்.

ஓரிகனில் 195 பேர்

2012 பிப்ரவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. நடத்தியவர் அமெரிக்காவின் ஓரிகன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஃபூஜோங் லி. பார்க்கின்சன் உள்ள 195 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தாய் சி. இரண்டாவது குழுவுக்குப் பாரம் கட்டிச் செய்யும் தசை வலுப்பயிற்சி. மூன்றாவது குழுவுக்கு உடலை நீட்டி வளைக்கும் சாதாரணப் பயிற்சி. வாரம் இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், 24 வாரம். மூன்று குழுவுக்கும் நேரம் ஒன்றே.

அளந்த விதம் சுவாரசியமானது. நோயாளியை ஒரு மேடையில் நிறுத்துவார்கள். பாதத்தை எடுக்காமல், இடுப்பு வளையாமல், எட்டுத் திசையிலும் எவ்வளவு தூரம் சாய முடிகிறது என்று கணினி பார்க்கும். தள்ளாடாமல் நேராகச் சாய்கிறாரா என்பதும் பதிவாகும். தாய் சி குழு இரண்டிலும் முந்தியது. சாயும் தூரத்தில் நீட்டல் பயிற்சிக் குழுவைவிட ஏறத்தாழ 12 சதவீதப் புள்ளிகள் கூடுதல். வலுப்பயிற்சிக் குழுவைவிடச் சுமார் ஐந்தரை. திசை தவறாமல் சாய்வதில் இரண்டு குழுவையும்விடப் பத்துப் புள்ளிக்கு மேல். விழுந்த எண்ணிக்கையோ நீட்டல் குழுவில் நடந்ததில் மூன்றில் ஒரு பங்குதான். வலுப்பயிற்சிக் குழுவோடு ஒப்பிட்டால் விழுவதில் அப்படி உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. ஆய்வாளர்களே அதை ஒளிக்காமல் எழுதினார்கள். வகுப்பு முடிந்து மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் பலன் நின்றிருந்தது.

பார்க்கின்சன் வந்தவர்களுக்கு உடற்பயிற்சி நல்லது என்று அதற்கு முன்பும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். எந்தப் பயிற்சி, எதற்கு என்பதை அளந்து காட்டிய ஆய்வு என்பதால்தான் இது பேசப்பட்டது.

அந்த 24 வாரத்தில் அவர்கள் கற்றது தாய் சியின் மொத்த வித்தையையும் அல்ல. ஆறு அசைவுகளைப் பொறுக்கியெடுத்து எட்டு நிலைகள் கொண்ட ஒரு சிறு தொடராகக் கோத்திருந்தார்கள். பூங்காக்களில் சீனத்து முதியவர்கள் செய்வதைப் படங்களில் பார்த்தவர்களுக்கு அது ஏதோ மந்தமான நடனம் போலத் தோன்றும். உள்ளே நடப்பது கணக்கான வேலை. முழங்கால் சற்று மடங்கியிருக்கும். உடம்பின் எடை முழுவதும் முதலில் இடதுகாலுக்கு மாறும். வலதுகால் வெறுமையான பிறகே அது தூக்கப்படும். குதிகால் முதலில் தரையைத் தொடும், பிறகு பாதம் பதியும், அதற்கப்புறம்தான் எடை மெல்ல முன்னே போகும். கைகள் மேகம்போலப் பக்கவாட்டில் மிதக்கும் அசைவு ஒன்று. அதில் இடுப்பும் மார்பும் கண்ணும் சேர்ந்து திரும்பும். குரங்கை விரட்டுவதாகப் பெயர் பெற்ற இன்னொன்றில் பின்னோக்கிக் கால் வைக்க வேண்டும். பின்னோக்கிச் சாய்ந்து விழுவது பார்க்கின்சன்காரர்களின் பெரிய பயம் என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும்.

ஆக, அன்றாடத்தில் அவர்களை விழவைக்கும் நான்கு காரியங்கள் இதில் ஒழுங்காகப் பயிலப்படுகின்றன: எடை மாற்றுவது, பெரிதாக எட்டு வைப்பது, உடம்போடு சேர்ந்து திரும்புவது, விழும் எல்லைவரை சாய்ந்துவிட்டு மீள்வது. நான்காவதுதான் முக்கியம். சாய்ந்தால் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் நோயாளி உடம்பை இறுக்கிக்கொண்டு தன் எல்லையைத் தானே சுருக்கிக்கொள்கிறார். வகுப்பில் அந்த எல்லை பாதுகாப்பாக, அங்குலம் அங்குலமாக விரிக்கப்படுகிறது.

மெதுவாகச் செய்வதற்கும் காரணம் உண்டு. நமக்கு நடை யோசிக்காமல் வரும். டோபமைன் குறைந்த மூளையில் கெடுவது இந்தத் தானியங்கித் தன்மைதான். யோசித்துச் செய்யும் பாதை ஓரளவு பிழைத்திருக்கும். 2010இல் நெதர்லாந்தின் மருத்துவர்கள் பாஸ் புளூமும் ஆன்கே ஸ்னைடர்ஸும் 58 வயது நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார்கள். நாலு எட்டு நடந்தால் கால் உறைந்து விழுந்துவிடுவார். அவரைச் சைக்கிளில் ஏற்றிவிட்டால் வளைந்து திரும்பி, சாதாரண ஆளைப்போல மிதித்துக்கொண்டு போவார். இறங்கியதும் மறுபடி உறைவார். ஒரு வழி அடைபட்டாலும் மூளையில் வேறு வழிகள் திறந்தே இருக்கலாம் என்பதற்கு அவர்கள் வெளியிட்ட காணொலி நல்ல சாட்சி. தரையில் குறுக்கே வெள்ளைப் பட்டை ஒட்டினால் அதைத் தாண்டித் தாண்டி நடக்க முடிகிறது, 'ஒன்று, இரண்டு' என்று எண்ணினால் கால் எழும்புகிறது என்பதெல்லாம் இதே வழிதான். தாய் சியில் ஒவ்வோர் எட்டையும் கவனித்து வைப்பதால், அந்த மாற்றுப்பாதையே பயிற்சிக் களமாகிவிடுகிறது.

ஷாங்காயும் சந்தேகமும்

2023 அக்டோபரில் ஷாங்காயிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. அங்குள்ள ருய்ஜின் மருத்துவமனை மருத்துவர்கள் வாரம் இருமுறை ஒரு மணி நேரம் தாய் சி பழகிய 147 நோயாளிகளையும், பழகாத 187 பேரையும் 2016 முதல் 2021 வரை தொடர்ந்து கவனித்தார்கள். மாத்திரை அளவைக் கூட்ட வேண்டி வந்தவர்கள் 2019இல் பழகாதவர்களில் 83.5 சதவீதம், பழகியவர்களில் 71 சதவீதம். நோயின் வேகமும் பழகியவர்களிடம் குறைவாக இருந்தது. உடனே 'பார்க்கின்சனைத் தடுக்கும் சீன வித்தை' என்று தலைப்பு வைத்தவர்கள் உண்டு. அவசரப்படக் கூடாது. இது குலுக்கல் போட்டுப் பிரித்த ஆய்வு அல்ல. ஐந்து வருடம் விடாமல் வகுப்புக்கு வருகிறவர் இயல்பிலேயே கொஞ்சம் தெம்பானவராக, வீட்டில் துணை உள்ளவராக இருக்கலாம். நம்பிக்கை தரும் ஆய்வு. முடிந்த தீர்ப்பு அல்ல.

கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் காக்ரேன் அமைப்பு 150க்கும் மேற்பட்ட குலுக்கல் ஆய்வுகளை, கிட்டத்தட்ட 8,000 நோயாளிகளின் விவரங்களை, ஒன்றாக வைத்து அலசியது. நடனம், நீர்ப்பயிற்சி, நடைப்பயிற்சி, வலுப்பயிற்சி, தாய் சி என்று எல்லாம் அதில் இருந்தன. கிடைத்த விடை எளிமையானது: பெரும்பாலான பயிற்சிகள் உதவுகின்றன, ஒன்று மற்றொன்றைவிடப் பெரிதாக உயர்ந்தது என்று சொல்ல ஆதாரம் போதாது. யோகாவுக்கும் சான்று இருக்கிறது. 2019இல் ஹாங்காங்கில் 138 பேரிடம் எட்டு வாரம் நடந்த ஆய்வில், மனதை ஊன்றிச் செய்யும் யோகா உடல் இயக்கத்தில் வழக்கமான பயிற்சிக்கு இணையாகவும், பதற்றத்தையும் மனச்சோர்வையும் குறைப்பதில் அதைவிட மேலாகவும் இருந்தது. பார்க்கின்சனில் மனச்சோர்வு பாதி நோய் என்று குடும்பத்தாருக்குத் தெரியும்.

ஆகவே சீனம் என்ற முத்திரையில் மாயம் எதுவும் இல்லை. எடை மாற்றலும் திரும்பலும் சாய்ந்து மீளலும் திட்டமிட்டு உள்ளே வைக்கப்பட்டிருக்கின்றனவா, ஆசிரியர் பார்வையில் நடக்கிறதா, வாரம் தவறாமல் நடக்கிறதா என்பவைதான் கேள்விகள். தாய் சியின் அனுகூலம், இவை அதன் கட்டுமானத்திலேயே இருப்பது. கருவி வேண்டாம், தனி உடை வேண்டாம், சமதரை போதும் என்பது கூடுதல் வசதி.

இந்த இடத்தில் நம் ஆட்களில் ஒருவர் கட்டாயம் போதிதர்மரை இழுப்பார். '7ஆம் அறிவு' படம் வந்த 2011க்குப் பிறகு சீனத்து வித்தை எதைச் சொன்னாலும் காஞ்சிபுரத்துக்குப் போய்விடுகிறது. தாய் சியின் எழுத்துச் சான்றுள்ள வரலாறு ஹெனான் மாகாணத்துச் சென் குடும்பக் கிராமத்தில் 17ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை அதைப் பொதுமக்களுக்காக 24 அசைவுகளாகச் சுருக்கியது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. காஞ்சிபுரத்தை இதில் நுழைக்க வேண்டிய தேவை இல்லை. நம்மிடம் வேறு சரக்கு இருக்கிறது.

மதுரையில் இது நடக்குமா?

சிலம்பக் கூடங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஆசான் முதல் நாளே கம்பைக் கையில் கொடுத்துவிட மாட்டார். காலடி வரிசை பழக வேண்டும். முன்னே ஒரு எட்டு, பக்கவாட்டில் ஒரு எட்டு, உடம்பைத் திருப்பி இன்னொரு எட்டு. தாய் சி வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் எடை மாற்றம் இதிலும் இருக்கிறது, வேகம்தான் வேறு. நோயின் ஆரம்ப நிலையில் உள்ள ஒருவர், சின்ன வயதில் சிலம்பம் பழகியவராக இருந்தால், பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் கண்காணிப்பில் அந்தக் காலடியையே கால்வாசி வேகத்தில் செய்து பார்க்கலாம். மேலூர், உசிலம்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கத்து அறுபது வயதுக்காரரிடம் சீனத்துக் குரங்கைச் சொல்வதைவிடக் காலடி என்று சொன்னால் உடனே எழுந்து நிற்பார். கம்பு சுழற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இடத்துக்குப் பஞ்சமில்லை. காந்தி மியூசிய வளாகமும் மாநகராட்சிப் பூங்காக்களும் இருக்கின்றன; கல்யாண மண்டபங்கள் முகூர்த்தமில்லாத நாட்களில் சும்மா கிடக்கின்றன. மருத்துவத்துக்கும் பஞ்சமில்லை. 1954இல் மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டதிலிருந்து அதோடு இணைந்து இயங்கும் பெரியாஸ்பத்திரிக்குத் தேனி, திண்டுக்கல், சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் என்று சுற்று மாவட்டம் முழுவதும் வருகிறது. தனியார் பெரிய மருத்துவமனைகளிலும் நரம்பியல் பிரிவுகள் இருக்கின்றன. இருந்தும், மாத்திரையோடு 'இந்த வகுப்பில் சேருங்கள்' என்று சேர்த்து எழுதும் வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. சர்க்கரை நோய்க்கு உணவுப் பட்டியல் தருவது எப்படி வழக்கமாகிவிட்டதோ அப்படி இதுவும் ஆக வேண்டும்.

பஸ் ஏறி வாரம் இருமுறை நகரத்துக்கு வர முடியாதவர்களை என்ன செய்வது? அதற்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டுக்கே வந்து செய்யும் இயன்முறை சிகிச்சையும் ஒரு பகுதி. பக்கவாதம் வந்தவர்களுக்குக் கை கால் அசைத்துவிட வரும் அதே பிசியோதெரபிஸ்ட், பார்க்கின்சன் நோயாளிக்கு ஆறு அசைவைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போக முடியும். புதிதாக நிதி கேட்கும் வேலை அல்ல. சில நாள் பயிற்சி போதும். பொறுப்பில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது. மும்பையில் 2001இல் தொடங்கிய பார்க்கின்சன் நோய் மற்றும் இயக்கக் கோளாறு சங்கம் நாட்டின் பல ஊர்களில் இலவச ஆதரவுக் குழுக்கள் நடத்திக் குழுப் பயிற்சி கொடுத்துவருகிறது. முன்மாதிரி தேடி சீனாவரை போக வேண்டியதில்லை.

குழு என்பதில் ஒரு ரகசியம் இருக்கிறது. கை ஆடுவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கல்யாண வீட்டுப் பந்திக்கே போகாத மனிதர்கள் இவர்கள். இருபது பேர் கையும் ஆடுகிற அறையில் அந்தக் கூச்சம் அரை மணியில் போய்விடும். 'உங்களுக்கும் பாக்கெட்டுல கை போனா வெளியே வரமாட்டேங்குதா அண்ணே?' என்று ஒருவர் கேட்பதற்கு எந்த மாத்திரையிலும் ஈடு இல்லை.

தொடங்கும் முன்

இனி, வீட்டில் இப்படி ஒருவரை வைத்திருப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள்.

பயிற்சிக்கான நேரத்தை மாத்திரைதான் முடிவு செய்யும். லெவோடோபா வேலை செய்யும் நேரம், ஓய்ந்துபோகும் நேரம் என்று நோயாளியின் நாள் இரண்டாகப் பிரிந்திருக்கும். விழித்தவுடன் உடம்பு கட்டைபோல இருக்கும். அந்நேரம் பயிற்சி கூடாது. மதுரை வெயிலுக்குப் பயந்து ஆறரை மணிக்கே வகுப்பு என்றால், மாத்திரையை ஐந்தரைக்கே போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மாத்திரையை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணியாவது முன்னதாகப் போடுவது நல்லது. பால், பருப்பு, முட்டையிலுள்ள புரதம் குடலிலிருந்து மருந்து உள்ளே போவதற்குப் போட்டியாக நிற்கும். பால் காபியோடு மாத்திரையை விழுங்கிவிட்டு 'மருந்து பிடிக்கலை' என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் விழுந்து கண் இருட்டும் சிக்கல் இவர்களில் பலருக்கு உண்டு. எழுந்ததும் ஒரு நிமிடம் நின்று நிதானித்த பிறகே ஆரம்பிக்க வேண்டும். பின்னால் ஒரு கனமான நாற்காலி; பக்கத்தில் ஓர் ஆள். ரப்பர் செருப்பு வேண்டாம், பாதத்தை இறுக்கிப் பிடிக்கும் ஷூ வேண்டும். முழங்கால் தேய்மானம் உள்ளவர் ஆழமாக மடங்கத் தேவையில்லை. பலன் எடை மாற்றுவதில்தான் இருக்கிறது, குனிவதில் இல்லை. நிற்கவே முடியாத நிலைக்கு வந்துவிட்டவர் உட்கார்ந்தபடி கையையும் மார்பையும் திருப்பிச் செய்யலாம். செல்போனில் வீடியோ பார்த்துத் தனியாகத் தொடங்குவது சரியல்ல. முதல் சில மாதம் நேரில் பார்த்துத் திருத்த ஆள் வேண்டும்.

வீட்டுக்குள் திரும்பும்போது நின்ற இடத்தில் ஒரு காலை அச்சாக வைத்துச் சுழலக் கூடாது. கொஞ்சம் அகலமாக, அரைவட்டம் போட்டு நடந்து திரும்பலாம். நிலைவாசலில் கால் உறைந்துவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் உடம்பு முன்னே வரும், கால் வராது, ஆள் விழுவார். 'நில்லுங்கப்பா, அவசரமில்ல' என்று சொல்லுங்கள். எடையை இடது, வலது என்று இரண்டு தடவை மாற்றச் சொல்லுங்கள். உங்கள் பாதத்தை அவர் காலுக்கு முன்னால் குறுக்கே வைத்து, 'இதைத் தாண்டுங்க' என்றால் பலருக்குக் கால் எழும்பிவிடும்.

வகுப்பு தொடங்க என்ன வேண்டும் என்று கேட்கும் பிசியோதெரபிஸ்டுகளுக்கும், காலை நடைச் சங்கங்களுக்கும், மதுரை மாநகராட்சிக்கும் பதில் இதுதான்: கூரை போட்ட ஒரு சமதரை, கை வைத்த நாற்காலிகள், பயிற்சி பெற்ற ஒருவர், உதவிக்கு இரண்டு தன்னார்வலர், வாரத்தில் இரண்டு மணி நேரம். ஆண்டுதோறும் ஏப்ரல் 11 உலக பார்க்கின்சன் தினம். அன்று பேனர் கட்டிப் பேரணி போவதற்குப் பதில் முதல் வகுப்பைத் தொடங்கலாம். அதுவரை நோயாளிகளும் குடும்பத்தாரும் காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை நரம்பு மருத்துவரிடம் போகும்போது, 'நடக்கிறேன் டாக்டர், விழாமல் இருப்பதற்கு என்ன பயிற்சி, யாரிடம் போக வேண்டும்?' என்று கேட்டு, பதிலை அதே சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.